கணினியின் முழு அதிகாரம் யார் கையில்?

கோல சிலாங்கூர், உலு சிலாங்கூர் வட்டாரத் தோட்டங்களில், விடியற்காலைப் பிரட்டுக்குச் செல்லும் பெற்றோரின் பிள்ளைகள் பலர் இன்று வீட்டுக் கணினியில் பாடம் படிக்கின்றனர். அதே கணினியில் தந்தையார் தமது ஊழியர் சேமநிதி இருப்பைப் பார்க்கிறார். தாயார் வங்கிக் கணக்கைச் சரிபார்க்கிறார். புதிய கணினி வாங்க இயலாதோர், பிறர் பயன்படுத்தியதை வாங்குகின்றனர். பழுதானால் பட்டணத்துக் கடையில் கொடுக்கின்றனர். இவ்வாறு பல கைகள் மாறிவரும் கணினியில் முழு அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதை அறிவது, பால்வெட்டிச் சேர்த்த பணத்தைக் காப்பதற்கு இன்றியமையாததாகும்.

இருவகை நிர்வாகக் கணக்குகள்

விண்டோஸ் கணினிக்குள் நுழைய உதவும் பெயரும் கடவுச்சொல்லும் சேர்ந்ததே ‘கணக்கு’ எனப்படும். அவற்றுள் நிர்வாகக் கணக்குக்கு அதிகாரம் மிகுதி. அதன்மூலம் புதிய செயலிகளைப் பதிக்கலாம். மற்றவர்களின் கோப்புகளைத் திறக்கலாம். அவர்களுடைய கடவுச்சொல்லையும் மாற்றலாம். இக்கணக்கு இருவகைப்படும்.

முதலாவது, விண்டோஸுடன் கூடவே வரும் ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்னும் உள்ளமைந்த கணக்கு. 2001-இல் வெளிவந்த விண்டோஸ் எக்ஸ்பியில் இது விழிப்புடனேயே இருந்தது. அதன் வீட்டுப் பதிப்பில் வழக்கமான திரையில் தோன்றாமல், கடவுச்சொல்லும் இன்றி மறைந்திருந்தது. 2007-இல் விற்பனைக்கு வந்த விஸ்டா முதற்கொண்டு இக்கணக்கு பொதுவாக முடக்கியே வைக்கப்படுகிறது. இதனை முடக்கலாம், பெயர் மாற்றலாம், ஆனால் நீக்க இயலாது.

இரண்டாவது, கணினியை முதன்முதலில் இயக்கும்போது நாமே தொடங்கும் கணக்கு. இதற்கும் நிர்வாக அதிகாரம் உண்டு. எனினும், ஒரு செயலி கணினியில் பெரிய மாற்றம் செய்ய முற்படும்போது, “அனுமதிக்கலாமா?” என்று விண்டோஸ் நம்மைக் கேட்கும். உள்ளமைந்த கணக்கிலோ, வழக்கமான அமைப்பில் இக்கேள்வி எழுவதில்லை. தீய செயலி ஒன்று அதன்வழி நுழைந்தால், தடுத்துக் கேட்பார் எவரும் இலர்.

பெயரன்று, எண்ணே அடையாளம்

இவ்விரண்டையும் பெயரைக் கொண்டு பிரித்தறிய முடியுமா? முடியாது. உள்ளமைந்த கணக்கிற்குக் ‘குமார்’ என்று பெயரிடலாம். நாம் தொடங்கிய கணக்கை ‘அட்மின்’ என்றும் அழைக்கலாம். பிரெஞ்சு மொழி விண்டோஸில் உள்ளமைந்த கணக்கின் பெயரே ‘அட்மினிஸ்ட்ரத்தேர்’ என்பதாகும்.

நமது அடையாளக் கார்டை நினைவிற் கொள்வோம். ஒரே தோட்டத்தில் முனியாண்டி என்ற பெயரில் மூவர் இருக்கலாம். பன்னிரண்டு இலக்க எண் மூவருக்கும் வெவ்வேறு. அதன் முதல் ஆறு இலக்கங்களைக் கண்டதும் பிறந்த நாளைச் சொல்லிவிடுகிறோம். அவ்வாறே விண்டோஸும் ஒவ்வொரு கணக்கிற்கும் நீண்டதோர் அடையாள எண்ணை வழங்குகிறது. அதன் கடைசிப் பகுதி 500 எனில், அது உள்ளமைந்த நிர்வாகக் கணக்கு. 501 எனில் விருந்தினர் கணக்கு. நாம் தொடங்கும் கணக்குகளுக்கு 1000 முதலாக எண்கள் அமையும். பெயரை எத்தனை முறை மாற்றினும் இவ்வெண் மாறாது.

சோதிக்கும் முறை

தேடல் பெட்டியில் ‘சி.எம்.டி.’ என்னும் மூன்று ஆங்கில எழுத்துகளைத் தட்டினால், கட்டளைகளை எழுதும் கறுப்புத் திரையைத் திறக்கலாம். அதில் ‘ஹூ’, ‘ஏம்’, ‘ஐ’ என்னும் ஆங்கிலச் சொற்களை இடைவெளியின்றிச் சேர்த்தெழுதி, ஓர் இடைவெளி விட்டு, வலப்புறம் சாய்ந்த கோட்டையும் அதனை ஒட்டி ‘யூசர்’ என்ற சொல்லையும் தட்டி, எண்டர் விசையை அழுத்துக. நாம் அப்போது பயன்படுத்தும் கணக்கின் எண் தோன்றும். ‘நெட் யூசர்’ என இரு சொற்களாகத் தட்டினால் எல்லாக் கணக்குகளின் பெயர்களும் வரும். அவற்றின் பின் ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்பதையும் சேர்த்துத் தட்டினால், அது விழித்திருக்கிறதா, முடங்கியிருக்கிறதா என்பது தெரியும். அப்படியொரு பெயரே இல்லை என விடை வருமாயின், பெயர் மாற்றப்பட்டுள்ளது எனக் கொள்க.

பட்டியலில் ‘கெஸ்ட்’, ‘டிஃபால்ட் அக்கவுண்ட்’ என்பன இருந்தால் அஞ்ச வேண்டாம். அவை விண்டோஸின் சொந்தக் கணக்குகளே. முன்பின் அறியாத ஒருவரின் பெயர் இருந்தால் மட்டும் காரணம் ஆராய்தல் வேண்டும். 1000-க்கு மேற்பட்ட எண்ணுடைய அந்நியர் கணக்கும் நிர்வாக அதிகாரம் பெற்றிருக்கக்கூடும்.

செய்யத்தக்கவை

உள்ளமைந்த கணக்கு விழித்திருந்தால், உடனே முடக்கிவிடுதல் கூடாது. நமது சொந்தக் கணக்கிற்கு நிர்வாக அதிகாரமும் நல்ல கடவுச்சொல்லும் உள்ளனவா என்பதை முதலில் உறுதிசெய்க; இல்லையேல் நம் வீட்டுக்கு நாமே வெளியாளாகி விடுவோம். பிள்ளைகளுக்கு அதிகாரமற்ற சாதாரணக் கணக்கே போதுமானது. பிறர் பயன்படுத்திய கணினியை வாங்கினால், அனைத்தையும் அழித்து விண்டோஸைப் புதிதாகப் பதித்தலே சாலச் சிறந்தது. இவற்றைத் தனியே செய்யத் தயங்குவோர், அருகிலுள்ள ‘நாடி’ நிலையத்திலோ பள்ளி ஆசிரியரிடமோ உதவி நாடலாம்.

பிறர் கணினிக்குள் அனுமதியின்றி நுழைவது, 1997-ஆம் ஆண்டுக் கணினிக் குற்றச் சட்டத்தின்படி குற்றமாகும். 50,000 ரிங்கிட் வரை அபராதமோ, 5 ஆண்டு வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். வங்கிப் பணம் மோசடியால் பறிபோனால், தாமதமின்றி 997 என்ற எண்ணுக்கு அழைத்தல் வேண்டும்.

சட்டம் குற்றவாளியைத் தண்டிக்கும். போன பணம் முழுவதும் திரும்பும் என்பதற்கு உறுதியில்லை. ஆகவே, இன்று மாலையே வீட்டுக் கணினியின் எண்ணைப் பிள்ளைகளுடன் அமர்ந்து பார்த்துவிடுமாறு கேட்டுக்கொள்கிறோம்.