வெள்ளத்தில் ஊர் இருண்டாலும் மருத்துவமனை இருளக்கூடாது: மைக்ரோகிரிட் எப்படி உதவும்?

வெள்ளம் வந்தால் மின்சாரம் போவது பழுதால் மட்டும் அல்ல. தண்ணீர் ஏறும் இடங்களில் உள்ள துணை மின் நிலையங்களை தெனாகா நேஷனல் நிறுவனமே அடைத்துவிடுகிறது. தேங்கிய நீரில் மின்சாரம் பாய்ந்தால் உயிர் போகும் என்பதால் அது சரியான முடிவுதான். ஆனால், நம் வீட்டுக்கு வரும் அதே மின்கட்டமைப்பை நம்பித்தான் மருத்துவமனை, கிளினிக், குடிநீர் பம்ப் நிலையம், மக்கள் தஞ்சம் புகும் துயர் துடைப்பு மையம் எல்லாம் இருக்கின்றன. வீட்டு விளக்கு அணைந்தால் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொள்ளலாம். செயற்கைச் சுவாசக் கருவி நின்றால் என்ன செய்வது?

2014 டிசம்பரில் கிளாந்தான் மாநிலம் இந்தக் கேள்வியை நேரடியாகச் சந்தித்தது. கோல கிராய் மருத்துவமனையை வெள்ளம் சூழ்ந்தது, சாலைகள் துண்டிக்கப்பட்டன, மின்சாரம் தடைபட்டது. கடும் நோயாளிகளை ஹெலிகாப்டரில் வேறு மருத்துவமனைகளுக்குக் கொண்டு செல்ல வேண்டியதாயிற்று. அந்தப் பேரிடரில் நாடு முழுவதும் 2 லட்சத்துக்கும் அதிகமானோர் வீடுகளை விட்டு வெளியேறினர். 2021 டிசம்பரில் ஷா ஆலாம், தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோது, மாடியில் சிக்கியவர்கள் உதவி கேட்கக் கையில் இருந்தது கைப்பேசி மட்டுமே. அதன் சார்ஜ் தீர்ந்ததும் அதுவும் போனது.

நம் சமூகத்துக்கு இதில் கூடுதல் கவலை உண்டு. மலேசிய இந்தியர்களிடையே நீரிழிவு மற்ற இனத்தவரைவிட அதிகம் என்பதைத் தேசிய சுகாதார ஆய்வுகள் தொடர்ந்து காட்டி வருகின்றன. கையிருப்பு இன்சுலினை 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் வைக்க வேண்டும். சிறுநீரகம் செயலிழந்தவர்கள் பொதுவாக வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் சுமார் 4 மணி நேரம் ரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்கிறார்கள். அதற்கு மின்சாரமும் வேண்டும், சுத்தமான தண்ணீரும் வேண்டும். வெள்ளம் நான்கு நாள் நீடித்தால், அந்த நான்கு நாளும் அவர்களுக்கு உயிர்ப் பிரச்சினை.

ஜெனரேட்டர் போதாதா?

பெரிய மருத்துவமனைகளில் டீசல் ஜெனரேட்டர் கட்டாயம் இருக்கும். ஓரிரு மணி நேர மின்தடைக்கு அது போதும். பேரிடரில் மூன்று சிக்கல்கள் வருகின்றன. சாலை அடைபட்டால் டீசல் வந்து சேராது. ஜெனரேட்டரோ அதன் துணைக் கருவிகளோ தாழ்வான இடத்தில் இருந்தால் முதலில் மூழ்குவது அவைதான். மாதக்கணக்கில் ஓடாமல் கிடந்த இயந்திரம், தேவைப்படும் நேரத்தில் கிளம்பாமல் போகலாம்.

2012 அக்டோபரில் சாண்டி புயல் தாக்கியபோது நியூயார்க்கின் பெல்வியூ மருத்துவமனையில் நடந்தது இதற்குச் சான்று. ஜெனரேட்டர்களை 13ஆம் மாடியில் பத்திரமாக வைத்திருந்தார்கள். ஆனால், எரிபொருளை மேலே ஏற்றும் பம்ப்கள் நிலத்தடியில் இருந்தன. அவை மூழ்கின. படைவீரர்களும் ஊழியர்களும் வரிசையாக நின்று, எரிபொருளைக் கைமாற்றிக் கைமாற்றி மாடிப்படி வழியே மேலே ஏற்றினார்கள். அப்படியும் இறுதியில் மருத்துவமனையைக் காலி செய்ய நேர்ந்தது.

தோட்டத்துக்குத் தெரிந்த சங்கதிதான்

மைக்ரோகிரிட் என்ற பெயர் புதிது. விஷயம் தோட்டத்து மக்களுக்குப் புதிதல்ல. அந்தக் காலத்தில் பல தோட்டங்களில் தோட்டத்து இன்ஜின் ஓடும் சில மணி நேரம்தான் லயத்து வீடுகளில் விளக்கு எரியும். இன்றும் செம்பனை எண்ணெய் ஆலைகள், பழத்திலிருந்து மிஞ்சும் நாரையும் கொட்டை ஓட்டையும் கொதிகலனில் எரித்து, அந்த நீராவியால் தங்களுக்கு வேண்டிய மின்சாரத்தைத் தாங்களே எடுத்துக்கொள்கின்றன.

மைக்ரோகிரிட் அந்த எண்ணத்தின் அடுத்த படி. ஒரு மருத்துவமனை வளாகமோ, சில பொதுக் கட்டடங்களோ சேர்ந்த சிறிய மின்கட்டமைப்பு அது. சோலார் தகடு, பேட்டரி, ஜெனரேட்டர் ஆகியவை அதில் ஒன்றாக இணைந்திருக்கும். சாதாரண நாளில் அது பொது மின்கட்டமைப்போடு சேர்ந்தே இயங்கும். வெளியே மின்சாரம் நின்றால், இணைப்பைத் துண்டித்துக்கொண்டு ஒரு தீவைப் போலத் தனித்து இயங்கும். மின்சாரம் திரும்பியதும் மீண்டும் இணையும்.

அதன் மூளை, கட்டுப்பாட்டுக் கருவி. எந்த இணைப்புக்கு முதலில் மின்சாரம், எதை நிறுத்திவைக்கலாம் என்று அது பங்கிடும். அறுவை சிகிச்சை அறைக்கும் தீவிரச் சிகிச்சைப் பிரிவுக்கும் முதலிடம். அலுவலக ஏர்கோனுக்குக் கடைசி இடம். சோலாரும் பேட்டரியும் சுமையில் ஒரு பங்கைத் தாங்குவதால், இருக்கிற டீசல் கூடுதல் நாள்களுக்கு வரும்.

சென்டாய் காட்டிய வழி

ஜப்பானின் சென்டாய் நகரில் தொஹோகு ஃபுகுஷி பல்கலைக்கழக வளாகத்தில் இப்படி ஒன்று ஆய்வுத் திட்டமாக அமைக்கப்பட்டது. தலா 350 கிலோவாட் திறனுள்ள இரண்டு எரிவாயு இயந்திரங்கள், 50 கிலோவாட் சோலார், பேட்டரிகள் ஆகியவை அதில் இருந்தன. அருகில் உள்ள மருத்துவமனைக்கும் பராமரிப்பு இல்லத்துக்கும் அது மின்சாரம் கொடுத்தது. ஆய்வு முடிந்த பிறகும் அதைக் கைவிடாமல் அன்றாடம் பயன்படுத்தி வந்தார்கள்.

2011 மார்ச் 11 பிற்பகல் 2.46 மணிக்கு, ரிக்டர் அளவில் 9 என்று சொல்லப்படும் பெரும் நிலநடுக்கம் ஏற்பட்டது. வட்டாரமே இருளில் மூழ்கியது. எரிவாயு இயந்திரங்களும் நின்றுபோயின. அந்த இடைவெளியில் மிக முக்கியமான இணைப்புகளைத் தாங்கியவை பேட்டரியும் சோலாரும். மறுநாள் ஊழியர்கள் சோதித்துப் பார்த்து இயந்திரங்களை மீண்டும் கிளப்பினார்கள். அந்தப் பகுதியில் எரிவாயுக் குழாய் உடையாமல் இருந்தது கைகொடுத்தது. பொது மின்சாரம் திரும்ப 2 நாள்களுக்கு மேல் ஆனது. அதுவரை மருத்துவமனைக்கு மின்சாரமும் வெப்பமும் கிடைத்தன.

அங்கே ஒவ்வொரு கருவியும் குறையின்றி வேலை செய்ததாகச் சொல்ல முடியாது. ஒன்று நின்றபோது இன்னொன்று தாங்கியது. எதற்கு முதலிடம் என்பது முன்கூட்டியே முடிவாகியிருந்தது. அமைப்பை அன்றாடம் ஓட்டிப் பழகிய ஆட்கள் அருகிலேயே இருந்தார்கள்.

கூரையில் சோலார் இருந்தால் போதுமா?

போதாது. பலருக்குத் தெரியாத செய்தி இது. பொது மின்கட்டமைப்போடு இணைந்த சாதாரண சோலார் அமைப்பு, வெளியே மின்சாரம் போனதும் தானும் நின்றுவிடும். கம்பியைச் சரிசெய்ய வரும் ஊழியரை, நம் கூரையிலிருந்து பாயும் மின்சாரம் தாக்கிவிடக்கூடாது என்பதற்கான பாதுகாப்பு ஏற்பாடு அது. தனித்து இயங்க வேண்டுமானால், அதற்கேற்ற இன்வெர்ட்டர், பேட்டரி, இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச் மூன்றும் வேண்டும். பள்ளியிலோ கோயில் மண்டபத்திலோ சோலார் பொருத்த நினைப்பவர்கள், "கரண்ட் போனால் இது ஓடுமா?" என்று ஒப்பந்தம் போடும் முன்பே கேட்டுக்கொள்வது நல்லது.

நம் வட்டாரத்தில் இதற்கு முன்மாதிரிகள் உண்டு. பொது மின்கட்டமைப்பு எட்டாத சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவில், 2013இல் சோலாரும் ஜெனரேட்டரும் சேர்ந்த மைக்ரோகிரிட் சோதனை முறையில் தொடங்கப்பட்டது. சரவாக்கில் 2016இல் தொடங்கிய சாரேஸ் திட்டம், மின்கம்பி போய்ச்சேராத உட்புறக் கிராமங்களுக்கு சோலாரும் பேட்டரியும் கொடுத்தது. கிராம மக்களே அதை அன்றாடம் பராமரிக்கிறார்கள். இவை பேரிடருக்கென்று அமைத்தவை அல்ல. ஆனாலும் பெரிய கம்பி இல்லாமல் ஓர் ஊர் இயங்க முடியும் என்பதற்கு இவை சாட்சி.

ஒரு மண்டபத்துக்கு எவ்வளவு வேண்டும்?

துயர் துடைப்பு மையமாக மாறும் ஒரு பள்ளி மண்டபத்தை எடுத்துக்கொள்வோம். 20 வாட் எல்.இ.டி. விளக்கு 20, 60 வாட் காற்றாடி 10, மருந்து வைக்க ஒரு குளிர்சாதனப் பெட்டிக்குச் சராசரியாக 100 வாட். மொத்தம் 1,100 வாட். இரவு 10 மணி நேரத்துக்கு 11 யூனிட். 50 கைப்பேசிகளுக்கு தலா 10 வாட் வீதம் 3 மணி நேரம் சார்ஜ் கொடுத்தால் இன்னும் ஒன்றரை யூனிட். ஆக, ஓர் இரவுக்கு பன்னிரண்டரை யூனிட். இதைத் தாங்க 15 யூனிட் பேட்டரி போதும். அதே மண்டபத்தில் 900 வாட் ஏர்கோன் மூன்றை இரவெல்லாம் ஓட்டினால், அதற்கு மட்டும் 27 யூனிட் போய்விடும். எதை ஓட்டுவது என்ற முடிவுதான் செலவைத் தீர்மானிக்கிறது.

குறைகளையும் சொல்லியாக வேண்டும். மழைக்காலத்தில் வானம் நாள்கணக்கில் மூடியிருந்தால் சோலார் தரும் மின்சாரம் வெகுவாகக் குறையும். ஆகவே சிறு ஜெனரேட்டரும் எரிபொருளும் அப்போதும் தேவை. பேட்டரி தேய்வதால் சில ஆண்டுகளுக்குப் பிறகு மாற்ற வேண்டும். முதல் செலவும் அதிகம். எல்லாக் கட்டடத்துக்கும் இது கட்டுப்படியாகாது. வெள்ளம் அடிக்கடி வரும் இடங்களில் உள்ள மருத்துவமனை, கிளினிக், பம்ப் நிலையம், துயர் துடைப்பு மையம் ஆகியவற்றுக்கு முன்னுரிமை தரலாம்.

இயந்திரம் வாங்குவதற்கு முன்பே செய்யக்கூடிய வேலையும் இருக்கிறது. அடுத்த பருவமழை தொடங்கும் முன், குடியிருப்பாளர் சங்கமும் பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமும் கூட்டத்தில் மூன்று கேள்விகளை எழுப்பலாம். நம் பகுதி துயர் துடைப்பு மையத்தில் மின்சாரம் போனால் எவை எவை ஓட வேண்டும்? ஜெனரேட்டரும் மின்பெட்டியும் கடந்த வெள்ளத்தின் நீர்மட்டத்துக்கு மேலே இருக்கின்றனவா? அவற்றைக் கடைசியாக ஓட்டிப் பார்த்தது யார், எப்போது? பதில் இல்லாவிட்டால், மையத்துக்குப் பொறுப்பான அதிகாரிகளிடம் இதே கேள்விகளை எழுத்து மூலமாகக் கேட்கலாம். தண்ணீர் ஏறிய பிறகு கேட்டால் பதில் சொல்ல யாருக்கும் நேரம் இருக்காது.