கேமராவும் சடங்கும் – 14: சந்தை நாள் ஆல்பம்

தாய்மாமன் சீர்த்தட்டு வரும்போது லைட் எங்கே நிற்க வேண்டும் என்பதைப் போன வாரமே பார்த்தாயிற்று. விட்டவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். இந்த வாரம் மஞ்சள் நீராட்டுப் பெண்ணை மாமல்லபுரம் கடற்கரைக்குக் கூட்டிப்போய் எடுக்கும் ‘அவுட்டோர்’ படங்கள் என்று சொல்லியிருந்தேன். ஆனால் ஒரு யூதப் பையன் குறுக்கே வந்துவிட்டான்.

யூத வீட்டில் பையனுக்கு 13 வயது நிறைந்தால் பார் மிட்ஸ்வா. ஜெபக்கூடத்தில் பெரியவர்களோடு பெரியவனாக அவனையும் அழைத்து, தோரா என்ற வேதச் சுருளை வாசிக்க வைப்பார்கள். பெரும்பாலும் சனிக்கிழமை, அதாவது ஓய்வுநாள். அன்று தீ மூட்டக் கூடாது, எழுதக் கூடாது. ஆசாரக்காரர்கள் சுவிட்சைக்கூடத் தொடமாட்டார்கள். கேமராவுக்கும் அதே கதிதான். வீட்டின் பெரிய விசேஷத்தன்று போட்டோகிராபருக்கு வேலையில்லை! “மாமா, மாலையை இன்னொருவாட்டி போடுங்க” என்று செங்கல்பட்டு மண்டபங்களில் சடங்கையே திருப்பி நடத்தச் சொல்கிற எங்கள் கூட்டத்துக்கு இது நல்ல சூடு.

அப்படியானால் ஆல்பம்? இங்கேதான் எனக்கு இந்த வாரத் தூக்கம் போனது. தோராவைத் திங்கள், வியாழனிலும் வாசிப்பார்கள். வேத அறிஞர் எஸ்றா ஏற்படுத்திய வழக்கம் என்பது மரபு. அந்தக் காலத்தில் அவை சந்தை நாட்கள். வழக்கு தீர்க்கும் மன்றமும் அன்றுதான் கூடும். விற்க வாங்க வந்த பட்டிக்காட்டு ஜனம் நாலு வார்த்தை வேதமும் கேட்டுப் போகட்டும் என்ற ஏற்பாடு. காய்கறிக்காரனுக்காக வகுத்த கிழமை, இன்று கேமராக்காரனுக்குச் சோறு போடுகிறது. ஜெருசலேம் மேற்குச் சுவரருகே திங்கள், வியாழனில் மேளமும் கொம்பும் முழங்க, துணிப் பந்தலின் கீழ் பையன்கள் ஊர்வலம் வருவார்கள். ஆண்–பெண் தடுப்புக்கு அந்தப்பக்கம் அம்மாவும் அத்தைகளும் நாற்காலிமேல் ஏறி நின்று மிட்டாய் வீசுவார்கள். பையனைவிட அந்த நாற்காலி வரிசையைத்தான் நான் முதலில் எடுப்பேன்.

இன்னொன்று. வேத வரிகளை உள்ளே வைத்த சிறு கறுப்புத் தோல்பெட்டிகளை நெற்றியிலும் கையிலும் வாரால் கட்டுவார்கள், ஓய்வுநாளில் கட்டுவதில்லை. ஆகவே, கட்டிக்கொண்டு வாசிக்கிற படத்தைப் பார்த்தாலே தெரியும், அது சனிக்கிழமை இல்லை.

வாசிக்கிறவன் எழுத்தைத் தொடக் கூடாது. விரல் நீட்டிய கைபோல் முனையுள்ள வெள்ளிக் குச்சியால் வரியைத் தொடர்வான். ஐரோப்பிய வழக்கில் சுருளைப் படுக்கவைப்பதால் பையனின் உச்சந்தலைதான் லென்ஸுக்குக் கிடைக்கும். கீழை நாட்டு யூதர்கள் பலர் உருளைப் பேழையோடு நிமிர்த்தி நிறுத்துவதால் முகம் தப்பிக்கும்.

நம் பக்கம்? கொச்சியில் 1568-இல் எழுந்த பரதேசி ஜெபக்கூடம் நிற்கிறது. ஆட்கள்தான் பெரும்பாலும் 1950-களில் இஸ்ரேலுக்குக் கப்பலேறிவிட்டார்கள். அங்கே படம் எடுக்கலாம் என்றால், பொது வாசிப்புக்கு வயது வந்த ஆண்கள் பத்துப் பேர் வேண்டும். சென்னைப் பவளக்காரத் தெருவில் 17-ஆம் நூற்றாண்டில் பவளம் கொடுத்து வைரம் வாங்கிய யூத வணிகர்கள் இருந்தார்கள். அவர்கள் வீட்டுப் பையன்களின் படத்துக்கு எங்கே போவது, கேமராவே 1839-இல்தானே உலகுக்கு வந்தது!

மாமல்லபுரம் அடுத்த வாரம், நிச்சயமாக. கடற்கரைக் கோயிலுக்குக் கிழக்கு முகம். வெயில் ஏறுவதற்குள் போய்விட வேண்டும். டிரைபாடு வைக்கத் தொல்லியல் துறையின் அனுமதி வேண்டும் என்பதைப் பெண் வீட்டாரிடம் இப்போதே சொல்லிவையுங்கள்.