கட்டி தீங்கற்றது, கவலை தீர்ந்ததா?

நோய் இல்லை என்று மருத்துவர் கூறிய பின்னும் நோயாளியைப் போலவே நாள் கழிப்போர் நம்மிடையே பலர் உளர். மார்பகத்தில் ஒரு கட்டி தென்படுகின்றது. அஞ்சி நடுங்கி மருத்துவமனைக்குச் செல்கின்றனர். சோதனைகள் முடிந்து, "இது வெறும் நீர்க்கட்டி, புற்றுநோய் அன்று" என்ற நற்செய்தி கிடைக்கின்றது. இல்லத்தார் மகிழ்ந்து, அத்துடன் அதனை மறந்துவிடுகின்றனர். அப்பெண்ணால் மறக்க முடிவதில்லை. பகலில் தார் சுற்றும்போதும், வயலில் களை பறிக்கும்போதும், இரவில் விளக்கை அணைத்த பின்னும் அவள் மனம் அக்கட்டியையே சுற்றி வருகின்றது.

கூட்டுறவு இதழில் இத்தகைய பொருளைப் பற்றி எழுதுவது முறையாகுமோ எனச் சிலர் வினவக்கூடும். முறையே என்பது நம் கருத்து. பாவு பிணைப்பதும் தார் சுற்றுவதும் பெரும்பாலும் பெண்களின் உழைப்பே. தறியில் அமர்ந்து நெய்யும் பெண்களும் இன்று பலர். நாற்று நடவும் களையெடுப்பும் அவர்கள் கையிலேயே உள்ளன. அவர்கள் உறக்கமின்றி வாடினால் குடும்பமும் தொழிலும் ஒருங்கே தளரும். அன்றியும், வெட்கம் கருதிப் பேசாது விடப்படும் பொருள்களிலேதான் தீங்கு மிகுதியாக வளர்கின்றது.

நீர்க்கட்டி என்பது யாது?

மார்பகத்தினுள் பால் சுரக்கும் நுண்ணிய அறைகளும், பாலைக் கொண்டு செல்லும் மெல்லிய குழாய்களும் அமைந்துள்ளன. மாதந்தோறும் உடலில் ஹார்மோன்கள் ஏறி இறங்குவதற்கேற்ப இப்பகுதிகளிலும் மாறுதல்கள் நிகழ்கின்றன. அந்நிலையில் சில அறைகளில் நீர் தேங்கி, சிறு பைபோல் உப்பிவிடுவதுண்டு. இதுவே நீர்க்கட்டி. 35 முதல் 50 வயதுக்கு உட்பட்ட பெண்களிடம் இது மிகுதியாகக் காணப்படுகின்றது. ஒன்றாகவும் இருக்கலாம், இரு மார்பிலும் பலவாகவும் இருக்கலாம். மாதவிலக்கிற்கு முந்திய நாள்களில் பருத்து வலிப்பதும், பின்னர் தணிவதும் இதன் இயல்பு. மாதவிடாய் முற்றிலும் நின்றபின் பெரும்பாலும் இக்கட்டிகள் தாமே அடங்கிவிடுகின்றன.

சாதாரண நீர்க்கட்டி புற்றுநோயாக மாறுவதில்லை. அதற்குச் சிகிச்சையும் தேவையில்லை. பெரிதாகி வலி கொடுத்தால் மருத்துவர் மெல்லிய ஊசியினால் நீரை எடுத்துவிடுவார். சில நிமிடங்களில் முடியும் வேலை அது. வெளிவரும் நீர் மஞ்சளாகவோ பச்சை கலந்தோ இருப்பது கண்டு அஞ்ச வேண்டா. இரத்தம் கலந்திருந்தால் அதனைச் சோதனைக்கு அனுப்புவர். தறியில் இடித்துக்கொண்டதனாலோ, பிறர் கண்பட்டதனாலோ, குழந்தைக்குப் பால் கொடுத்ததில் நேர்ந்த குறையினாலோ இது வருவதன்று. எனவே எவரும் தம்மையோ பிறரையோ நொந்துகொள்ளக் காரணமில்லை.

மருத்துவரின் சொல்லை நம்பலாமா?

"தொட்டுப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்கிறாரே, உள்ளே இருப்பதை எங்ஙனம் அறிவார்?" என்ற ஐயம் பலருக்கு உண்டு. ஐயம் நியாயமானதே. தொட்டுப் பார்ப்பதால் மட்டும் கட்டியின் தன்மையை உறுதி செய்ய இயலாது. அதற்காகவே ஸ்கேன் எடுக்கின்றனர். ஒலி அலைகளைச் செலுத்தி மார்பகக் கட்டிகளை ஆராயும் முறையைப் பற்றி ஜான் வைல்டு, ஜான் ரீடு என்னும் இருவர் அமெரிக்காவில் 1952-ஆம் ஆண்டு எழுதினர். அவ்வழியில் வளர்ந்ததே இன்றைய ஸ்கேன். நீர் நிறைந்த பை அதில் ஒரே கருமையாய், தெளிந்த விளிம்புடன் தோன்றும். திண்மையான கட்டி அவ்வாறு தோன்றாது. கத்தி வைக்காமலே உள்ளிருப்பது நீரா, தசையா என்று இதனால் பிரித்தறிய முடிகின்றது.

சோதனை அறிக்கையில் பை-ராட்ஸ் என்றொரு குறியும், அதனருகில் ஓர் எண்ணும் இருப்பதைப் பலரும் கண்டிருப்பர். அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 1993-இல் வகுத்த முறை இது. எண் பெரிதாக இருப்பதனால் நோய் முற்றிவிட்டது என்று தாமே பொருள் செய்துகொண்டு கலங்குவோர் உளர். ஆதலின் இதனைத் தெரிந்துகொள்வது நலம். 0 என்றால் இன்னும் படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்பது மட்டுமே பொருள். 1 என்றால் எக்குறையும் காணப்படவில்லை. 2 என்றால் கட்டி உண்டு, அது தீங்கற்றது. சாதாரண நீர்க்கட்டிக்கு வழங்கப்படும் எண் இதுவே. 3 என்றால் பெரும்பாலும் தீங்கற்றது. புற்றாக இருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டுக்கு மேற்படாது, எனினும் ஆறு மாதத்தில் மறுபடி பார்த்தல் வேண்டும். 4, 5 ஆகியவற்றிற்குத் திசு எடுத்துச் சோதிப்பர். 6 என்பது புற்று என முன்னரே உறுதியானவர்களுக்கு உரியது. அறிக்கையைப் பெறும்போது, "என் எண் என்ன? அடுத்து எப்போது வர வேண்டும்?" என்னும் இரு கேள்விகளை மருத்துவரிடம் தயங்காது கேட்டு, விடையை ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.

அச்சம் ஏன் நீங்குவதில்லை?

நாம் தணிக்கைக்காகச் சென்ற ஊர் ஒன்றில், நாற்பதைக் கடந்த ஓர் அங்கத்தினர், பெண் அலுவலர் என்ற உரிமையால் நம்மைத் தனியே அழைத்துப் பேசினார். "டாக்டரம்மா ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார் அம்மா. ஆனால் என் கை கேட்கமாட்டேன் என்கிறது. நாளைக்குப் பத்துத் தடவை தொட்டுப் பார்க்கிறேன். தொட்டால் கொஞ்ச நேரம் நிம்மதி. பிறகு, சரியாகப் பார்த்தோமா என்று மறுபடியும் பயம்" என்றார். இவ்வொரு வாசகத்தில் நோயின் முழு இயல்பும் அடங்கியுள்ளது. தொடுவது அச்சத்தைத் தணிப்பதுபோல் தோன்றும்; உண்மையில் அதனை வளர்க்கும். அடிக்கடி அழுத்துவதனாலேயே அவ்விடம் நோகும்; அந்த நோவே புதிய அச்சத்திற்கு விதையாகும்.

அவர் செலவழித்த தொகையையும் கூறினார். கட்டியைக் கரைப்பதாகச் சொல்லி விற்கப்பட்ட லேகியத்திற்கும் பற்றுக்குமாகப் பல ஆயிரம் ரூபாய். வட்டிக்கு வாங்கிய பணம் அது. கரைய வேண்டாத கட்டியைக் கரைப்பதற்காக ஒரு குடும்பம் கடன்பட்டது. அச்சத்தின் விலை இவ்வளவு என்று அன்று கண்டோம்.

ஷாங்காய் ஆலைப் பெண்கள்

தொட்டுத் தொட்டுப் பார்ப்பதனால் உயிர் காக்கப்படுமா என்ற கேள்விக்கு நம் தொழிலைச் சார்ந்த பெண்களே விடை அளித்துள்ளனர். சீனாவின் ஷாங்காய் நகரத்து நெசவாலைகளில் பணியாற்றிய 2,66,064 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு மார்பகத்தைத் தாமே சோதிக்கும் முறையை நன்கு பயிற்றுவித்தனர். மற்றப் பிரிவினருக்கு அப்பயிற்சி இல்லை. பத்தாண்டுக்கு மேல் கவனித்து, 2002-இல் முடிவை வெளியிட்டனர். மார்பகப் புற்றினால் இறந்தோர் தொகை இரு பிரிவிலும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. பயிற்சி பெற்றோரிடம் மிகுந்தது, தீங்கற்ற கட்டிகளைக் கண்டறிந்து அவற்றிற்காகத் திசுச் சோதனை செய்துகொண்டவர் எண்ணிக்கையே.

இதனால் தம் உடலைக் கவனிக்கவே வேண்டா என்பது பொருளன்று. தம் மார்பகம் இயல்பாக எவ்வாறு இருக்கும் என்பதை அறிந்திருந்து, மாறுதல் கண்டால் உடனே காட்ட வேண்டும். ஆனால் முறைவைத்து நாள்தோறும் துழாவுவதனால் பயனில்லை. சங்கக் கணக்கிற்கு ஆண்டுக்கொரு தணிக்கை உண்டு. இடையே இருப்புச் சரிபார்ப்பதும் உண்டு. காசாளர் நாழிகைக்கொரு முறை பெட்டியைத் திறந்து எண்ணிக்கொண்டிருந்தால் பணம் கூடப்போவதில்லை. அன்றாட அலுவல்தான் நின்றுபோகும்.

செய்யத்தக்கவை

முதலாவது, மறுபரிசோதனைக்கு மருத்துவர் குறித்த தேதியை வீட்டு நாட்காட்டியில் எழுதி வைத்தல். தேதி எழுதப்பட்டுவிட்டால், "இன்றே பார்க்க வேண்டுமோ?" என்ற எண்ணத்திற்கு, "அதற்கென ஒரு நாள் உண்டு" என்று விடை சொல்ல முடியும்.

இரண்டாவது, தொடும் பழக்கத்தைச் சிறிது சிறிதாகக் குறைத்தல். கை எழும்போது பத்து நிமிடம் தள்ளிப்போடலாம். அவ்வேளையில் வேறொரு வேலையில் ஈடுபடலாம். எழுந்த தவிப்பு, எதுவும் செய்யாமலே தணிவதைச் சில நாள்களில் காணலாம்.

மூன்றாவது, கவலைக்கென ஒரு நேரம் ஒதுக்குதல். விந்தையாகத் தோன்றினும், தாமஸ் போர்கோவெக் என்னும் அமெரிக்க உளவியல் அறிஞரும் அவர்தம் கூட்டாளிகளும் 1983-இல் சோதித்து வெளியிட்ட முறை இது. நாள்தோறும் ஒரே இடத்தில், ஒரே வேளையில் அரைமணி நேரம் அமர்ந்து கவலையனைத்தையும் எண்ணிப் பார்ப்பது. மற்ற வேளையில் கவலை எழுந்தால் அந்நேரத்திற்கு ஒத்திவைப்பது. படுக்கும் வேளையை இதற்குத் தெரிந்தெடுத்தல் ஆகாது.

நான்காவது, நெஞ்சு படபடக்கும்போது மூச்சை மெல்ல இழுத்து, அதனினும் மெதுவாக வெளிவிடுதல். ஐந்து நிமிடம் இவ்வாறு செய்யின் படபடப்பு அடங்கத் தொடங்கும்.

ஐந்தாவது, ஒருவரிடமேனும் மனம் விட்டுப் பேசுதல். கணவர், தமக்கை, தோழி எவராயினும் சரியே. கேட்பவர், "அதுதான் ஒன்றுமில்லை என்றார்களே, இன்னும் என்ன?" என்று வாயை அடைத்துவிடலாகாது. "பயமாக இருக்கிறதா? குறித்த தேதியன்று நானும் உடன் வருகிறேன்" என்பதே உதவும் சொல்.

வலி மிகுந்த நாள்களில் மார்பகத்தை நன்கு தாங்கும் உள்ளாடை அணிவது இதம் தரும். காப்பியைக் குறைத்ததனால் வலி குறைந்ததாகச் சிலர் கூறுகின்றனர். அதற்கு உறுதியான சான்று இல்லையெனினும், உறக்கமின்றித் தவிப்பவர் மாலையில் காப்பியைத் தவிர்ப்பது நன்றே.

இரு வாரத்திற்கு மேலாகியும் உறக்கமும் உணவும் கொள்ளாது, வேலையில் மனம் செல்லாதிருந்தால் அதனையும் மருத்துவரிடம் கூற வேண்டும். 2022-இல் அரசு தொடங்கிய டெலி-மானஸ் என்னும் மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி, இரவு பகல் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.

எப்போது தாமதிக்கலாகாது?

முன்பு கண்ட கட்டி தீங்கற்றது என்பதனால் இனிக் காணும் கட்டிகளெல்லாம் அத்தகையவையே என்று இருந்துவிடுதல் பெரும் பிழை. புதிதாக ஒரு கட்டி தோன்றி அடுத்த மாதவிலக்கிற்குப் பின்னும் மறையாதிருத்தல், நீர் எடுத்த இடத்தில் மீண்டும் கட்டி எழுதல், தோல் குழிதல் அல்லது ஆரஞ்சுப் பழத்தோல்போல் தடித்தல், காம்பு புதிதாக உள்ளிழுக்கப்படல், காம்பிலிருந்து இரத்தம் கசிதல், அக்குளில் கட்டி காணல் இவற்றுள் எதுவாயினும், குறித்த தேதிக்குக் காத்திராது உடனே காட்ட வேண்டும். மாதவிடாய் நின்ற பின் தோன்றும் கட்டியை ஒருபோதும் புறக்கணித்தல் கூடாது. வலியில்லை என்பதும் அசட்டைக்குக் காரணமாகாது. தொடக்கநிலைப் புற்று பெரும்பாலும் வலிப்பதில்லை.

சங்கங்கள் செய்யக்கூடுவது

தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி, அத்துயரத்தை வீட்டுக்குள் பூட்டி வைக்கவில்லை. அதனை ஊர்ப் பொதுப்பணியாக்கினார். 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. தனியொருவர் துயரைப் பலர் சேர்ந்து சுமப்பதே கூட்டுறவின் உயிர்நாடி.

நம் சங்கங்கள் மருத்துவமனை கட்ட வேண்டியதில்லை. பெண் அங்கத்தினர் கூட்டமொன்றில் ஆரம்ப சுகாதார நிலையப் பெண் மருத்துவரை அழைத்துப் பேசச் செய்யலாம். 30 வயது நிறைந்த பெண்களுக்கு அரசு மருத்துவ நிலையங்களில் மார்பகப் பரிசோதனை இலவசமாகச் செய்யப்படுவதை அறிவிப்புப் பலகையில் எழுதி வைக்கலாம். மருத்துவமனைக்குத் தனியே செல்ல அஞ்சுபவருக்குத் துணையாக இரு பெண்களை ஏற்பாடு செய்யலாம். சோதனைக்குச் சென்ற நாளில் தார் சுற்றும் பணியைப் பக்கத்து வீட்டார் பகிர்ந்துகொள்ளலாம். இவற்றுள் எதற்கும் தனி நிதி வேண்டுவதில்லை. நிர்வாகக் குழுவின் மனம் ஒன்றே போதும்.

கட்டியைக் கண்டதும் காட்டுதற்குத் துணிவு வேண்டும். தீங்கில்லை என்றபின் அச்சொல்லை ஏற்று வாழ்வதற்கும் துணிவு வேண்டும். முன்னதைத் தனியாளாகவும் பெற்றுவிடலாம். பின்னது வருதற்குக் கேட்கும் செவியும், உடன்வரும் காலும், எழுதி வைத்த ஒரு தேதியும் தேவை. இவை மூன்றையும் நம் சகோதரிகளுக்கு அளிக்க ஒவ்வொரு சங்கமும் முன்வருமாக.