தலைக்கு மேலே 5½ டன் எடை! மொட்டை மாடிக்கு ஏறிப் பார்த்து எத்தனை நாளாச்சு?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்தில் கூரைகள் படும் பாடு

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந் தேதி. செம்பரம்பாக்கத்தில் 24 மணி நேரத்தில் 47 சென்டி மீட்டர் மழை கொட்டித் தீர்த்தது. ஏரியைத் திறந்ததும், அடையாறு பொங்கியதும், ஊரே மிதந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. யாரும் அதிகம் பேசாத கதை ஒன்று உண்டு. அது வீட்டு மாடிகளில் நடந்தது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். அரை கிரவுண்டில் கட்டிய சாதாரண வீடு. 600 சதுர அடி மொட்டை மாடி. அதன் மீது 47 செ.மீ. மழை விழுந்தால் 26 ஆயிரம் லிட்டர் தண்ணீர்! 12 ஆயிரம் லிட்டர் பிடிக்கும் தண்ணீர் லாரி இரண்டு நிரம்பி, மிச்சமும் இருக்கும். இத்தனையும் ஒரு பகல், ஒரு ராத்திரிக்குள் இரண்டு மூன்று குழாய் வழியாகக் கீழே இறங்கியாக வேண்டும்.

இறங்காவிட்டால்?

குழாய் வாயில் வேப்பிலைச் சருகு. அதன் மேல் ஒரு பிளாஸ்டிக் பை. பக்கத்து வீட்டுப் பையன் அடித்த ரப்பர் பந்து. அறுந்து விழுந்த காற்றாடி. இது போதும், குழாய் அடைத்துக் கொள்ளும். மாடி குளமாகும். 4 அங்குலம் தண்ணீர் நின்றால் போதும். 5½ டன் எடை! ஐந்து கார்களை மாடியில் ஏற்றி நிறுத்தியதற்குச் சமம். அதற்குக் கீழேதான் பாய் விரித்துப் படுத்திருக்கிறோம்.

ஒழுங்காகக் கட்டிய கான்கிரீட் தளம் இந்த எடையைத் தாங்கிக் கொள்ளும். உடனே இடிந்து விழாது. ஆபத்து வேறு விதமாக வருகிறது. ஓடுகிற தண்ணீர் போய்விடும். நிற்கிற தண்ணீர் வழி தேடும்.

வெயில் போடும் ஓட்டை

"மழையில் ஒழுகுது" என்கிறோம். ஒழுகுவது மழையில்தான். ஓட்டை போடுவது வெயில்!

சென்னையில் 2003-ம் ஆண்டு மே 31-ந் தேதி 45 டிகிரி செல்சியஸ் வெயில் பதிவானது. அது நிழலில் அளந்த கணக்கு. வெட்டவெளியில் கிடக்கும் சிமெண்டுத் தளம் அதை விடப் பல டிகிரி கூடுதலாகக் கொதிக்கும். அக்னி நட்சத்திரத்தில் மதியம் ஒரு மணிக்கு வெறும் காலோடு துணி காயப் போடப் போன பெண்களைக் கேளுங்கள், சொல்வார்கள்.

சூடேறினால் கான்கிரீட் நீளும். 30 அடி நீளத் தளம் 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 3 மில்லி மீட்டர் நீளும். ராத்திரி குளிர்ந்தால் சுருங்கும். தினமும் இதே கூத்து. ஆனால் தளம் நீளும் அளவுக்குக் கைப்பிடிச் சுவர் நீளாது. இரண்டும் சேரும் மூலையில் மயிரிழை போல ஒரு விரிசல் விழும். கண்ணுக்குத் தெரியாது. தண்ணீருக்குத் தெரியும்.

மேற்குப் புறநகர்காரர்களுக்கு இன்னொரு சங்கடம். ஆடி, ஆவணி, புரட்டாசி மாதங்களில் சாயங்கால இடி மழை பெரும்பாலும் மேற்கேயிருந்துதான் வரும். மயிலாப்பூரில் வானம் வெளுத்திருக்கும்போதே ஆவடியில் மழை பெய்து கொண்டிருக்கும். ஆகவே "ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்கே" என்று இங்கே இருப்பவர்கள் சும்மா இருக்க முடியாது. ஆனி மாதத்துக்குள் கொத்தனாரைப் பிடித்து விட வேண்டும். புரட்டாசியில் அவர் கிடைக்க மாட்டார். கிடைத்தாலும் கேட்கும் கூலியைக் கொடுக்க முடியாது. ஈரத் தளத்தின் மேல் பூசுகிற எந்தப் பூச்சும் நிற்காது என்பது வேறு.

கம்பி துருப்பிடித்தால்...

கூரையில் கறை. சுண்ணாம்பு உப்பிக் கொண்டு உதிர்கிறது. உடனே என்ன செய்கிறோம்? கீழேயிருந்து பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்து, அடுத்த வருஷம் வரைக்கும் மறந்து விடுகிறோம். சொட்டுகிற இடம் ஒன்று, தண்ணீர் நுழையும் இடம் வேறு. ஹாலில் சொட்டும். ஓட்டையோ பத்தடி தள்ளி, தண்ணீர்த் தொட்டிக்குக் கீழே இருக்கும்.

உள்ளே போன தண்ணீர் கம்பியைத் தொடுகிறது. கம்பி துருப்பிடிக்கிறது. துரு என்பது இரும்பை விட இரண்டு மடங்குக்கு மேல் இடம் கேட்கும். இருக்கிற இடத்தில் இடம் ஏது? சுற்றியுள்ள கான்கிரீட்டை உடைத்துத் தள்ளும். முதலில் கம்பி ஓடும் திசையில் நேர்க்கோடாக விரிசல். பிறகு தட்டினால் "டொக் டொக்" என்று பொத்தல் சத்தம். கடைசியில் ஒரு நாள் நடு ராத்திரி தொப்பென்று ஒரு பாளம் கீழே விழும். தொட்டிலில் குழந்தை இருக்கிற வீடாக இருந்தால் என்ன ஆகும்?

வெறும் சிமெண்டைக் குழைத்து அப்புகிற கொத்தனாரை அனுப்பி விடுங்கள். உப்பிய கான்கிரீட்டைக் கம்பி தெரியும் வரை கொத்தி எடுக்க வேண்டும். கம்பியை இரும்பு பிரஷ் போட்டுத் தேய்த்து, துரு எதிர்ப்புப் பூச்சு கொடுத்து, பிறகுதான் பூச வேண்டும். அதற்கும் முன்னால் மேலே இருக்கிற ஓட்டையை அடைக்க வேண்டும். கம்பி பாதிக்கு மேல் தின்று போயிருந்தால் கொத்தனார் வேலை இல்லை அது. என்ஜினீயர் வந்து பார்க்க வேண்டும்.

2021-ம் ஆண்டு டிசம்பர் 27-ந் தேதி திருவொற்றியூரில் குடிசை மாற்று வாரியக் குடியிருப்பு ஒன்று இடிந்து விழுந்தது. 24 வீடுகள் தரைமட்டம். ஒரு உயிர் கூடப் போகவில்லை. விரிசலைப் பார்த்து, குடியிருந்தவர்கள் முன்கூட்டியே வெளியே வந்து விட்டதுதான் காரணம். "பழசுன்னா அப்படித்தான் இருக்கும்" என்று அவர்கள் உள்ளேயே படுத்திருந்தால் மறுநாள் பத்திரிகைச் செய்தி வேறு மாதிரி இருந்திருக்கும்.

கடுக்காயும் வெல்லமும்

பூந்தமல்லி பக்கம் பழைய தெருக்களில் இன்னும் சில வீடுகளில் "மெட்ராஸ் டெரஸ்" தளம் உண்டு. தேக்கு மர உத்தரம். அதன் மேல் சின்னச் செங்கல்லைக் குத்தலாக, கோணலாகச் சுண்ணாம்பில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லத் தண்ணீரும் தெளித்து, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் நாள் கணக்கில் தட்டுவார்கள். கட்டை துள்ளும் வரை தட்ட வேண்டும். அதற்கு மேலே தட்டோடு.

இந்தத் தளத்தைக் கெடுப்பது பெரும்பாலும் வீட்டுக்காரரின் நல்லெண்ணம்தான். "கெட்டியா இருக்கட்டும்" என்று மேலே சிமெண்டு போட்டு மூடுகிறார்கள். சுண்ணாம்பு மூச்சு விடும். சிமெண்டு விடாது. ஈரம் உள்ளேயே அடைபட்டு உத்தரத்தின் முனை, அதாவது சுவருக்குள் நுழைந்திருக்கும் பாகம், உளுத்துப் போகிறது. வெளியே தெரிகிற மரம் பளபளவென்று இருக்கும். சுவர் ஓரத்தில் ஒரு ஆணியைக் குத்திப் பாருங்கள். சுலபமாக இறங்கினால் தச்சரைக் கூப்பிடுங்கள்.

கான்கிரீட் வீட்டிலும் மேலே செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, தட்டோடு போடும் பழக்கம் நம்மூரில் இருந்து வருகிறது. 10 அடிக்கு 2 அங்குலமாவது வாட்டம் வேண்டும். இதைப் போட்ட வீடு வெயிலிலும் பிழைக்கும், மழையிலும் பிழைக்கும். செலவுக்குப் பயந்து விட்டுவிட்டு, பிறகு வருஷா வருஷம் டப்பா டப்பாவாக ரசாயனம் வாங்கிப் பூசுகிறவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

அரச மரக் கன்று ஒன்று கைப்பிடிச் சுவரில் முளைத்திருக்கும். காக்கா போட்ட விதை. "அரச மரம், வெட்டக் கூடாது" என்று சிலர் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். சாமிக்குத் தனியாகக் கோயில் இருக்கிறது. ஒரு சாண் உயரத்தில் இருக்கும்போதே வேரோடு எடுத்து விடுங்கள்.

கூரை வழியே இறங்கும் விருந்தாளி

"ஓட்டைப் பிரித்து உள்ளே இறங்கி..." இந்த வரி இல்லாமல் திருட்டுச் செய்தியே கிடையாது. கடைக்காரர்கள் முன்பக்கம் ஷட்டருக்கு இரண்டு பூட்டு, அதற்கு மேலே ஒரு கேமரா. மேலே பார்த்தால் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்! நாலு போல்ட்டைக் கழற்றினால் உள்ளே ஆள் இறங்கலாம். ஷீட்டுக்குக் கீழே இரும்புக் கம்பி வலை அடித்து வைத்தால் பாதி கவலை தீரும். அப்படியே அந்த போல்ட்டுகளின் வாஷரையும் பார்த்து விடுங்கள். ஷீட் கூரை ஒழுகுவது பெரும்பாலும் ஷீட்டினால் அல்ல, வெயிலில் வெடித்துப் போன வாஷரினால். வாஷரை மாற்றினாலே பல இடத்தில் ஒழுகல் நின்று விடும்.

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964-ல் வந்தது. பேட்டை வந்ததும் ஆட்கள் வந்தார்கள். ஆட்கள் வந்ததும் சுற்று வட்டாரத்தில் லைன் வீடுகள் முளைத்தன. ஒரு ரூம், ஒரு அடுப்படி, மேலே ஷீட். ஷிப்டு முடித்து வந்து பகலில் தூங்குகிற தொழிலாளிக்கு அந்த ஷீட்டுதான் எமன். சித்திரை, வைகாசியில் அடுப்புக்குள் படுத்த மாதிரி.

இதற்கு ஒரு மலிவான வைத்தியம் உண்டு. கூரைக்கு வெள்ளை அடிப்பது! வெள்ளைக் கூரை வெயிலைத் திருப்பி அனுப்பி விடும். உள்ளே 2 முதல் 5 டிகிரி வரை குறையும் என்று ஆமதாபாத்தில் செய்து பார்த்திருக்கிறார்கள். தெலுங்கானாவில் 2023-ல் இதற்கென்று அரசே ஒரு கொள்கை கொண்டு வந்தது. நமக்குச் சுண்ணாம்பு புதிதா என்ன? கான்கிரீட் மாடிக்கும் இதே வைத்தியம்தான்.

ஆஸ்பெஸ்டாஸ் விஷயத்தில் மட்டும் ஒரு எச்சரிக்கை. எல்லா வகை ஆஸ்பெஸ்டாசும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. உடையாமல் கிடக்கும் வரை ஷீட்டிலிருந்து தூசி அதிகம் பறக்காது. அறுத்தால், துளை போட்டால், காய்ந்த பாசியைச் சுரண்டினால் பறக்கும். அந்தத் தூசி நுரையீரலுக்குள் போனால் நோய் தெரிய இருபது, முப்பது வருஷம் கூட ஆகலாம். வேலை செய்யத்தான் வேண்டும் என்றால் முதலில் தண்ணீர் அடித்து நன்றாக நனையுங்கள். முகத்துக்கு நல்ல மாஸ்க் போடுங்கள். உடைந்த துண்டைக் குழந்தைகள் விளையாடும் இடத்தில் போடாதீர்கள்.

பழைய ஷீட் மேல் நேராகக் கால் வைக்கவே கூடாது. தொழிற்சாலைக் கூரையைச் சரி செய்யப் போய், ஷீட் உடைந்து கீழே விழுந்து செத்தவர்கள் எத்தனையோ பேர். பார்க்கக் கல் மாதிரி இருக்கும். மிதித்தால் அப்பளம். குறுக்கே பலகை போட்டு, சட்டம் ஓடும் இடத்தில்தான் நடக்க வேண்டும். இடுப்பில் கயிறு இல்லாமல் ஏற்றுகிற மேஸ்திரியை என்ன சொல்வது?

2016 டிசம்பர் 12-ந் தேதி வர்தா புயல் வந்தபோது தகர ஷீட்டுகள் காகிதம் போலப் பறந்தன. மேலே கல் வைத்தும், பழைய டயர் வைத்தும் ஷீட்டை அமுக்கி வைக்கிறோமே, புயலில் அந்தக் கல்லே குண்டாகி விடும். ஜே போல்ட் போட்டு இரும்புச் சட்டத்தோடு கட்டுவது ஒன்றுதான் வழி. கூரையின் ஓரத்தில் போல்ட்டுகள் நெருக்கமாக இருக்க வேண்டும். காற்று பிடித்துத் தூக்குவது ஓரத்தைத்தான்.

கீற்றுக் கூரை இருப்பவர்களுக்கு மழையை விட நெருப்புப் பயம். கும்பகோணத்தில் 2004-ம் ஆண்டு ஜூலை 16-ந் தேதி 94 குழந்தைகளைப் பலி கொண்டது ஒரு கீற்றுக் கொட்டகைதான். இன்றும் மொட்டை மாடியில் நிழலுக்கென்று கீற்றுக் கொட்டகை போட்டு, அதற்கடியில் கேஸ் அடுப்பு வைத்துச் சமைக்கிற மெஸ்கள் உண்டு. மாலைக்குள் ஒரு தடவை மேலே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், முதலாளிமார்களே!

"வீட்டுக்காரர் கேட்க மாட்டேங்கிறார்"

வாடகைக்கு இருப்பவர்கள் புலம்புவது இதுதான். ஒழுகுது என்று சொன்னால், "பிடிக்கலைன்னா காலி பண்ணு" என்று பதில் வரும். வாளியை வைத்துச் சமாளித்துக் கொண்டு மாதம் 5-ந் தேதி வாடகையைக் கொடுத்துக் கொண்டிருக்கிறோம்.

2017-ல் போட்ட தமிழ்நாடு வீட்டு வாடகைச் சட்டம் 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி கட்டடத்தின் அமைப்பு சார்ந்த பழுதைச் சரி செய்வது வீட்டுக்காரர் பொறுப்பு, குடியிருப்பவரே சேதப்படுத்தியிருந்தால் தவிர. வீட்டுக்காரர் மறுத்தால், செலவு செய்து வாடகையில் கழித்துக் கொள்ளவும் சட்டத்தில் இடம் இருக்கிறது. ஆனால் ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்க வேண்டும். வாய்ப்பேச்சில் குடியேறியவர் கையில் எதுவும் இல்லை.

அதே போல மாடிக் குழாயில் அடைத்த சருகை எடுப்பதற்கெல்லாம் வீட்டுக்காரரை எதிர்பார்க்கக் கூடாது. தேங்கிய நல்ல தண்ணீரில்தான் டெங்கு கொசு முட்டை போடும். ஒரு வாரம், பத்து நாளில் கொசுவாகி விடும். அது வீட்டுக்காரரா, குடித்தனக்காரரா என்று பார்த்துக் கடிக்காது. 2003-ல் எல்லா வீட்டுக்கும் கட்டாயமாக்கிய மழைநீர்த் தொட்டி உங்கள் வீட்டிலும் இருக்கும். மாடியைக் கூட்டாமல் முதல் மழையை அதில் விட்டால் காக்கா எச்சமும் சேர்ந்துதான் கிணற்றுக்குள் போகும்.

ஒழுகல் கண்ட அன்றே ஒழுகும் இடத்தைப் போட்டோ எடுங்கள். தேதி போட்டு, வீட்டுக்காரருக்கு எழுத்து மூலம் கொடுத்து, ஒரு நகலில் அவர் கையெழுத்து வாங்கி வைத்துக் கொள்ளுங்கள். கையெழுத்துப் போட மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ரசீதைத் தூக்கிப் போட்டு விடாதீர்கள்.