எலிக்காய்ச்சல் நாய்க்கும் வரும்

கண்டிப் பக்கத்து ஹந்தானை லயங்களிலும் பேராதனை வயலோரங்களிலும் மழை நாட்களில் ஒரு நாய் சோர்ந்து படுத்தால், "எதையோ தின்றிருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். அது வாந்தி எடுத்து, உடம்பு நோவால் எழும்ப மறுத்து, கண்வெள்ளையும் முரசும் மஞ்சளிக்கும்போதுதான் பயம் வருகிறது. அதற்குள் ஈரலும் சிறுநீரகமும் பழுதடைந்திருக்கலாம்.

வயலில் இறங்குவோரைத் தாக்கும் அதே எலிக்காய்ச்சல் நாயையும் பிடிக்கும். 2008இல் இலங்கையில் 7,000க்கும் மேற்பட்டோருக்கு இந்நோய் கண்டதாகப் பதிவானது. கண்டி மாவட்டமும் தப்பவில்லை.

காரணம் லெப்டோஸ்பைரா என்ற பக்டீரியா. மெல்லிய சுருள் கம்பி போன்ற உடல், நுனியில் கொக்கி. சாதாரண நுணுக்குக்காட்டியில் எளிதில் தெரியாது. இருண்ட பின்னணியில் பக்கவாட்டு ஒளி பாய்ச்சினால் மினுங்கி நெளியும். எலியின் சிறுநீரகத்தில் இது எலிக்குத் தீங்கின்றிக் குடியிருந்து, சிறுநீரோடு வெளியேறுகிறது. வெயிலில் காய்ந்தால் சாகும். ஆனால் கண்டி மலைச்சரிவின் கான்களும் சேற்று வயல்களும் எளிதில் காய்வதில்லை. அந்த ஈரத்தில் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். தேங்கிய நீரைக் குடிக்கும், எலி பிடிக்கும், காலில் கீறலோடு சேற்றில் நடக்கும் நாய்க்குள் இது புகுந்துவிடும். இரத்தத்தோடு சுற்றி, பின் சிறுநீரக நுண்குழாய்களில் தங்கும். அங்கே நோய் எதிர்ப்புப் பொருட்களின் கை எளிதில் எட்டாது. எனவேதான் பார்வைக்குச் சுகமான நாயும் சில வாரங்கள், சில வேளை மாதங்கள், கிருமியைச் சிறுநீரில் விட்டுக்கொண்டிருக்கலாம். என்னை மிகவும் கவலைப்படுத்துவது இதுதான்: வாசலில் வாலாட்டும் நாயை யார் சந்தேகிப்பார்?

விசர்நாய்த் தடுப்பூசி போட்டாயிற்று என்று நிம்மதியடைபவர்கள் பலர். அது இந்நோயைத் தடுக்காது. எலிக்காய்ச்சலுக்கான ஊசி வேறு; முதலில் சில வார இடைவெளியில் இரண்டு, பின் ஆண்டுதோறும் ஒன்று. கிருமியில் பல வகைகள் உண்டு. ஊசி எல்லாவற்றையும் தடுக்காது, ஆனாலும் போடத்தான் வேண்டும். நாய் நோயுற்றால் தாமதிக்காமல் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடம் பக்கத்திலேயே இருக்கிறது. இரத்தமும் சிறுநீரும் சோதித்து, டொக்சிசைக்ளின் போன்ற மருந்தை உரிய நேரத்தில் கொடுத்தால் பிழைக்கும் வாய்ப்பு அதிகம்.

நாய் சிறுநீர் கழித்த இடத்தைக் கையுறையோடு வெளிற்றுநீர் ஊற்றிக் கழுவுங்கள். பிறகு வீட்டில் யாருக்காவது காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்தால், வைத்தியரிடம் நாய்க்குச் சுகமில்லாமலிருந்ததையும் சொல்லுங்கள்.