பக்கத்தின் சாவி யாரிடம்?

திறந்த மூலத் திட்டம் ஒன்றின் நிரலைத் திறந்து பாருங்கள். எந்த வரியை யார், எந்தத் தேதியில், எதற்காக மாற்றினார் என்பது வரை தெரியும். அதே திட்டத்தின் முகநூல் பக்கத்துக்குப் போனால் பல நேரம் கடைசிப் போஸ்ட் போன வருடத்தது. கீழே நாலைந்து கேள்விகள் பதிலில்லாமல் கிடக்கும். பக்கத்தைத் தொடங்கியவர் வேலை கிடைத்து வெளிநாடு போயிருப்பார். பாஸ்வேர்டும் அவரோடு போயிருக்கும். நூறு பேர் சேர்ந்து செய்த காரியத்துக்கு வாய் மட்டும் ஒரே ஆளுடையது. தன்னார்வலர்களைக் கொண்டு இந்தப் பக்கங்களை எப்படி நடத்தலாம் என்பதைப் புத்தளத்துத் தில்லையடியை மனதில் வைத்துச் சொல்கிறேன்.

திறந்த மூலம் என்றால் நிரலை யாரும் எடுத்துப் பார்க்கலாம், திருத்தலாம், பிறருக்குக் கொடுக்கலாம். இலங்கையிலிருந்து உலகுக்குப் போன பெரிய உதாரணம் சஹானா. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பின் காணாமற்போனவர்கள், முகாம்கள், நிவாரணப் பொருட்கள், உதவும் நிறுவனங்கள் ஆகிய விவரங்களை ஒரே இடத்தில் பதிய வேண்டியிருந்தது. அதற்காக நம் நாட்டுக் கணினித் துறையினர் தன்னார்வமாகக் கூடி அவசரமாக எழுதிய மென்பொருள் அது; லங்கா சொஃப்ட்வெயார் பவுண்டேஷன் அதை வளர்த்தது. 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்திலும் 2010இல் ஹெய்ட்டியிலும் அது பயன்பட்டது. அமெரிக்காவிலுள்ள கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை சமூக நலத் திட்டத்துக்கான விருதை 2005க்கு விக்கிப்பீடியாவுக்கும் 2006க்குச் சஹானாவுக்கும் கொடுத்தது. விக்கிப்பீடியாவைத் தெரியாத பிள்ளை புத்தளத்தில் இருக்காது. சஹானாவைத் தெரியுமா என்று கேட்டுப் பாருங்கள். இரண்டின் வேலையும் வேறு என்பது உண்மைதான். ஆனாலும் ஊருக்குள் ஊர்ப் பேச்சில் எடுத்துச் சொல்ல ஆளில்லாததும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

தில்லையடிக்குப் பொருத்தமான திட்டம் என்று கேட்டால் நான் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பைச் சொல்வேன். யாரும் திருத்தக்கூடிய உலக வரைபடம். 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கியது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் வந்து குடியேறிய புத்தளத்துப் பகுதிகளில் தில்லையடியும் ஒன்று. முகாமாகத் தொடங்கிக் குடியிருப்பாக மாறிய இடங்களில் ஒழுங்கைக்கு ஊரார் சொல்லும் பெயர்தான் பெயர். செய்மதிப் படத்தைப் பார்த்து ஜெர்மனியில் இருப்பவர்கூட ஒழுங்கையை வரைந்துவிடலாம். பெயரை இங்குள்ளவர்தான் சொல்ல முடியும். அந்தத் திட்டத்தில் தமிழ், சிங்களம், ஆங்கிலப் பெயர்களுக்குத் தனித்தனி இடம் உண்டு. ஊராரிடம் பெயர் கேட்டு வாங்க முகநூலும் வட்ஸ்அப்பும் வேண்டும். ஆகவே இங்கே சமூக ஊடக வேலை வெறும் விளம்பரம் அல்ல, வரைபட வேலையிலேயே பாதி.

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் உலக அளவிலான சமூக ஊடகக் கணக்குகளைக்கூட அதன் அறக்கட்டளையின் தொடர்பாடல் பணிக்குழு என்ற தன்னார்வக் குழுதான் கவனிக்கிறது. ஊர் அளவில் செய்ய ஐந்து பேர் போதும். அறுபது பேர் சேர்ந்த வட்ஸ்அப் குழுவில் ஐம்பத்தைந்து பேர் “மாஷா அல்லாஹ், நல்ல முயற்சி” என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். அது தப்பில்லை, ஆனால் அது வேலை இல்லை. யார் உதவுவீர்கள் என்று பொதுவாகக் கேட்காதீர்கள். “பெயர் இல்லாத மூன்று ஒழுங்கைகளின் பெயரை வெள்ளிக்குள் விசாரித்துத் தாங்க” என்று கேளுங்கள். விசாரித்துக்கொண்டு வருபவர்தான் உங்கள் ஆள்.

ஒருவர் செய்தி சேர்க்க வேண்டும், ஒருவர் எழுத வேண்டும், ஒருவர் படம் செய்ய வேண்டும், ஒருவர் சரிபார்க்க வேண்டும், ஒருவர் வரும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். எல்லாரும் எழுதத்தான் ஆசைப்படுவார்கள். என்னைக் கேட்டால் கடைசி ஆளை முதலில் தேடுங்கள். வாரம் ஒரு போஸ்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது. கேட்ட கேள்விக்குப் பதில் வராவிட்டால் கேட்டவர் திரும்ப வரமாட்டார். இங்கே தில்லையடிக்கு ஒரு வசதி உண்டு. ஊர்ப் பிள்ளைகள் கட்டாரிலும் சவூதியிலும் இருக்கிறார்கள். அங்கே நேரம் நம்மை விட இரண்டரை மணி பின்னால். இங்கே இரவு பத்தரைக்கு எல்லாரும் படுக்கப் போகும்போது டோஹாவில் எட்டு மணி. இரவு முறையை அங்குள்ள ஒருவருக்குக் கொடுத்துவிடலாம். ஜும்ஆ நேரம், நோன்பு மாதத்துத் தராவீஹ், உயர்தரப் பரீட்சைக் காலம் ஆகியவற்றை முன்கூட்டியே நாட்காட்டியில் குறித்து, அந்த நாட்களில் குறைவாகச் செய்வது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பரீட்சை எழுதும் பிள்ளையிடம் அந்த நாட்களிலும் போஸ்ட் கேட்கும் குழு மூன்றாம் மாதம் கலைந்துவிடும்.

இன்னொன்று. முகநூல் பக்கத்தில் எழுதுவது பக்கத்தின் பெயரில்தான் வெளியே தெரியும், எழுதியவர் பெயரில் அல்ல. தன் முகமும் பெயரும் இணையத்தில் வர வேண்டாம் என்று நினைக்கும் பெண் பிள்ளைகள் வீட்டிலிருந்தே முழு வேலையையும் செய்யலாம். இதை முதல் நாளே வெளிப்படையாகச் சொல்லுங்கள். சொல்லாததால் வராமல் போகிறவர்கள் உண்டு.

இனிச் சாவி. பக்கத்துக்கு முழுக் கட்டுப்பாடு உள்ளவர்கள் மூன்று பேர் இருக்க வேண்டும், ஒரே வீட்டில் இல்லாத மூன்று பேர். மற்றவர்களுக்கு எழுதவும் பதில் சொல்லவும் மட்டும் அனுமதி போதும். முழுக் கட்டுப்பாடு உள்ளவர் மற்றவரை நீக்கவும் முடியும் என்பதை மறக்கக் கூடாது. முகநூல் தவிர்ந்த மற்றக் கணக்குகளைத் திறக்கும் மின்னஞ்சல் திட்டத்துக்கென்று தனியாக இருக்க வேண்டும். யாருடைய சொந்த மின்னஞ்சலும் கூடாது. இரட்டைச் சரிபார்ப்பைக் குறுஞ்செய்தியில் வைத்தால் அந்த இலக்கம் ஒருவருடைய சிம்மில் இருக்கும். அவர் ரீலோட் போடாமல் விட்டு இலக்கம் செத்துப்போனால் கணக்கும் அதோடு போகும். செயலி வழியாக வைத்துக்கொண்டு, அவசரக் குறியீடுகளைக் கடதாசியில் அச்சடித்து இரண்டு இடங்களில் வையுங்கள். பாஸ்வேர்டுகளை வட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டாம். கீபாஸ் என்ற திறந்த மூலச் செயலி எல்லாப் பாஸ்வேர்டுகளையும் ஒரு பூட்டிய கோப்பில் வைத்துக்கொள்ளும். அந்தக் கோப்பையும் அதைத் திறக்கும் சொல்லையும் மூவருக்கும் கொடுத்தால் முடிந்தது. இதெல்லாம் ஒரு பின்னேரத்து வேலை. செய்யாவிட்டால் மற்ற எல்லாம் வீண்.

அடுத்தது இரண்டாவது கண்: எழுதியவரே வெளியிடக் கூடாது, இன்னொருவர் பார்க்க வேண்டும். நம் மாவட்டத்துக்கு இது ஏன் முக்கியம் என்பதை நாமே கண்டிருக்கிறோம். 2019 ஏப்ரல் 21 குண்டுவெடிப்புகளுக்குப் பின் மே மாதத்தில் சிலாபத்து முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் முகநூலில் ஆங்கிலத்தில் ஒரு வரிக் கருத்து இட்டார். அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்பது அதன் பொருள். மே 12ஆம் தேதி அதை மிரட்டலாக எடுத்துக்கொண்டு கூட்டம் கூடியது; கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டன; ஊரடங்கு போட்டார்கள். மறுநாள் வன்முறை வடமேல் மாகாணத்தின் மற்ற ஊர்களுக்கும் பரவியது. கொட்டாரமுல்லையில் ஒரு மனிதர் கொல்லப்பட்டார். சமூக ஊடகங்களை அரசு முடக்கியது. தாக்கியவர்களின் குற்றம் தாக்கியவர்களுடையதுதான். ஒரு வரி எழுதியவர் தலையில் அதைப் போட முடியாது. ஆனால் பொதுப் பக்கத்தை நடத்துபவர் தன் வரி வேறு மொழிக்காரர் காதில் எப்படி விழும் என்று பார்த்தே ஆக வேண்டும். எழுதியவரே வெளியிடக் கூடாது என்ற விதி அதற்காகத்தான். சரிபார்ப்பவர் சிங்களமும் நன்றாகத் தெரிந்தவராக இருந்தால் மிக நல்லது. 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் பொய்யான கூற்றுகளை இணையத்தில் பரப்புவது தொடர்பான ஏற்பாடுகளும் உண்டு. பக்கத்தை நடத்துபவர்கள் அதை ஒருமுறையாவது வாசித்திருக்க வேண்டும்.

சரிபார்ப்பது எப்படி என்பதற்குத் திறந்த மூல உலகிலேயே முன்மாதிரி இருக்கிறது. 1993இல் தொடங்கிய டெபியன் லினக்ஸ் திட்டம் தன் சிறு செய்திகளை நிரல் வைப்பது போன்ற பொதுக் களஞ்சியத்தில் வைக்கிறது. யாரும் வரைவு முன்மொழியலாம். விளம்பரக் குழுவினர் சேர்த்து வெளியிடுவார்கள். முதலில் அது திட்டத்தின் சொந்தத் தளத்தில் வரும், அங்கிருந்துதான் மற்ற ஊடகங்களுக்குப் போகும். நிரலுக்கு உள்ள ஒழுங்கு பேச்சுக்கும் உண்டு என்பதுதான் இதில் எனக்குப் பிடித்தது. ஊர்க் குழுவுக்குக் களஞ்சியம் எல்லாம் வேண்டாம். எல்லாரும் பார்க்கக்கூடிய ஒரு பகிர்ந்த ஆவணம் போதும்: வரைவு, எழுதியவர், பார்த்தவர், வெளியிட்ட நாள். வேலை திறந்தே இருக்கட்டும். சாவியை மட்டும் பூட்டி வைத்தால் போதும்.

ஒரு போஸ்ட்டை எடுத்துப் பார்ப்போம். முதல் வரைவு இப்படி வரும்: “ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தன்னார்வலர் சமூகத்தின் மாபெரும் மைல்கல்! டிஜிட்டல் புரட்சியில் தில்லையடி!” இதை வாசித்து யாரும் ஒரு பெயரும் அனுப்பமாட்டார்கள். சரிபார்ப்பவர் திருப்பி அனுப்பிய பின் வருவது: “தில்லையடியில் நாங்கள் போன வாரம் சேர்த்த ஒழுங்கைகள் இந்தப் படத்தில் நீலக் கோட்டில் இருக்கின்றன. உங்கள் ஒழுங்கையின் பெயர் பிழையாக இருந்தால் கீழே எழுதுங்கள், இரண்டு நாளில் திருத்துகிறோம்.” படத்தின் மூலையில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களுக்கு உரிய குறிப்பு வேண்டும், தரவின் உரிமம் அதைக் கேட்கிறது. யார் வீடு எது என்று எழுதுவதில்லை.

படத்துக்குள் எழுத்தைப் போடும்போது ஒரு தொல்லை வரும். இங்கே அச்சகங்களில் இன்னும் பாமினி எழுத்துருதான் ஓடுகிறது. அதில் தட்டியதை முகநூலில் ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரியும். பலர் அதற்காகவே எல்லாவற்றையும் படமாக்கிப் போடுகிறார்கள். பார்வையற்றவரின் கணினியோ கைபேசியோ படத்துக்குள் இருக்கும் தமிழை ஒழுங்காக வாசித்துச் சொல்லும் என்று நம்ப முடியாது. யூனிகோடில் அதே வாசகத்தைப் போஸ்ட்டிலும் எழுதுங்கள். என்விடிஏ என்ற திரைவாசிப்பான்கூடத் திறந்த மூலம்தான். அது தமிழை வாசிக்கும்.

பின்னூட்டம் இப்படி வரும்: “நானா, எங்கட ரோட்டையே காணல்லையே, நாங்க ஊர்ல இல்லையா?” இதில் ஒரு கேள்வி உண்டு, ஒரு வலியும் உண்டு. மூன்று தலைமுறையாகத் தங்களைக் கணக்கில் எடுக்கவில்லை என்று நினைக்கும் ஊரில் வலிக்குத்தான் முதலில் பதில். “இருக்கீங்க தம்பி, நாங்கதான் இன்னும் அந்தப் பக்கம் வரல்ல. ரோட்டுப் பெயரையும் பக்கத்துல என்ன இருக்குன்னும் எழுதுங்க, ஞாயிறுக்குள்ள சேர்த்திடுறோம்.” ஞாயிறு சேர்த்த பின் அதே இடத்தில் “சேர்த்தாச்சு” என்று படத்தோடு போட வேண்டும். சண்டைக்கு வருபவருக்கு ஒருமுறை மரியாதையாகப் பதில், அதற்கு மேல் இல்லை. எந்தச் சொல் வந்தால் பின்னூட்டத்தை மறைப்பது என்பதையும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த ஊடகத்தில் இருப்பது? 2022 ஒக்டோபரில் டுவிட்டரை எலான் மஸ்க் வாங்கிய பின் திறந்த மூலத் திட்டங்கள் பல மாஸ்டடன் என்ற சமூக ஊடகத்தின் பக்கம் போயின. மாஸ்டடனும் திறந்த மூலம், கொள்கைக்குப் பொருந்தும். ஆனால் தில்லையடியின் உம்மாவும் கடைக்கார நானாவும் முகநூலிலும் வட்ஸ்அப்பிலும்தான் இருக்கிறார்கள். ஒழுங்கையின் பெயர் வேண்டுமென்றால் அங்கேதான் நிற்க வேண்டும். அதே நேரம் அங்கே மட்டும் நிற்பதும் ஆபத்து. 2018 மார்ச்சில், 2019இல், 2022 ஏப்ரல் 3ஆம் தேதி என்று நம் நாட்டில் சமூக ஊடகங்கள் முடக்கப்பட்டிருக்கின்றன. திட்டத்துக்கென்று சொந்தமாக ஒரு சிறு இணையத்தளமும், குழுவினரின் தொலைபேசி இலக்கங்கள் எழுதிய கடதாசியும் இருந்தால் அந்த நாட்களிலும் வேலை நடக்கும்.

மழைக்காலத்துக்கு வேறு விதி. இங்கினிமிட்டிய, தப்போவ குளங்கள் நிரம்பி மீ ஓயா பெருகும் நாட்களில் பக்கத்துக்குக் கேள்வி கொட்டும்: எந்த ரோட்டில் தண்ணீர், எங்கே முகாம். வரைபடப் பக்கம் என்பதால் நமக்கு எல்லாம் தெரியும் என்று நினைப்பார்கள். நேரில் பார்த்து ஒருவர் உறுதி செய்ததை மட்டும், பார்த்த மணியோடு போடுங்கள். தண்ணீர் வடிந்ததும் அந்தப் போஸ்ட்டின் முதல் வரியில் “இது பழைய செய்தி” என்று சேருங்கள்; பழைய வெள்ளப் படம் அடுத்த வருடமும் சுற்றும். மற்ற எல்லாவற்றுக்கும் அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்தைக் கொடுங்கள்.

தன்னார்வலர் விலகுவார். கல்யாணம், வேலை, விசா, குடும்பத்தோடு வடக்கே முசலிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ திரும்பிப் போவது என்று காரணம் எதுவாகவும் இருக்கலாம். பொறுப்பை ஆறு மாதத்துக்கு என்று சொல்லியே கொடுத்தால் விலகுவதில் குற்றவுணர்வு இருக்காது, சொல்லாமல் காணாமற்போவதும் குறையும். போகிறவர் செய்ய வேண்டியவை மூன்றுதான். செய்துகொண்டிருந்த வேலையைப் பகிர்ந்த ஆவணத்தில் எழுதுவது, அடுத்தவரோடு இரண்டு வாரம் கூட இருந்து காட்டுவது, தன் அனுமதியைத் தானே நீக்குவது. அவர் போன அன்றே பாஸ்வேர்டுகளை மாற்றுங்கள். சந்தேகத்தால் செய்வதில்லை, எல்லாருக்கும் இதுதான் முறை என்று முதல் நாளே சொல்லியிருந்தால் யாரும் கோபிக்கமாட்டார்கள். அவர் பெயரை, அவர் விரும்பினால், சொந்தத் தளத்தில் பங்களித்தவர்கள் பட்டியலில் வேலையோடு சேர்த்துப் போடுங்கள். வேலைக்கு விண்ணப்பிக்கும்போது காட்ட அவருக்கு அது உதவும்.