வேலியும் வேண்டும், மேய்ப்பரும் வேண்டும்



சமூக ஊடகத்தில் கணக்குத் தொடங்க 13 வயது ஆகியிருக்க வேண்டும் என்று பல நிறுவனங்கள் கேட்கின்றன. இந்த 13 எங்கிருந்து வந்தது? பிள்ளைகளின் மனவளர்ச்சியை ஆராய்ந்து வைத்த எல்லை என்று நாம் எண்ணுகிறோம். உண்மை வேறு. 13 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களின் விவரங்களைப் பெற்றோரின் இசைவின்றி இணையத்தில் திரட்டக் கூடாது என 1998-இல் அமெரிக்கா ஒரு சட்டம் இயற்றியது. இசைவு பெறும் சுமையைத் தவிர்க்க, நிறுவனங்கள் அந்த வயதினரைச் சேர்ப்பதில்லை என்று விதி வைத்துக்கொண்டன. பிறந்த ஆண்டை மாற்றித் தட்டினால் போதும், கதவு திறந்துகொண்டது.

ஆஸ்திரேலியா 2024-இல் வேறு வழியைத் தேர்ந்தது. 16 வயது நிரம்பாதவர்கள் ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக், யூடியூப் போன்றவற்றில் கணக்கு வைத்திருக்கக் கூடாது. 2025 டிசம்பர் 10 முதல் இது நடைமுறைக்கு வந்தது. தவறினால் பிள்ளைக்கோ பெற்றோருக்கோ தண்டனை இல்லை. நிறுவனத்துக்கே அபராதம், அது 4 கோடியே 95 இலட்சம் ஆஸ்திரேலிய டாலர் வரை போகலாம். பாரத்தைச் சிறியோரின் தோளிலிருந்து இறக்கி வலியோரின் தோளில் ஏற்றியதே இச்சட்டத்தின் நியாயம்.

ஆயினும் இந்த வேலியிலும் இடைவெளி உண்டு. வாட்ஸ்அப் போன்ற செய்திச் செயலிகள் இதில் அடங்கா. கணக்கு இல்லாமலே யூடியூப் பார்க்கலாம். 16 வயது நிரம்பிய அன்றே, பயிற்சி ஏதுமின்றி அந்தப் பிள்ளை உள்ளே நுழையலாம். ஆகவே பள்ளியில் கற்பித்தலும் வேண்டும்.

எதைக் கற்பிப்பது? முன்பின் தெரியாத ஒருவர் நட்பாகப் பேசி, படம் வாங்கி, பிறகு பணம் கேட்டு மிரட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை மூன்று செய்திகளை அறிந்திருக்க வேண்டும். பணம் கொடுக்கக் கூடாது. உரையாடலை அழிக்கக் கூடாது, அதுவே சான்று. அன்றே நம்பிக்கைக்குரிய பெரியவர் ஒருவரிடம் சொல்ல வேண்டும். நம் நாட்டில் குழந்தைகளுக்கான உதவி எண் 1098. இணையவழிப் பணமோசடிக்கு 1930.

மூன்றாவதுதான் கடினம். “சொன்னால் போனைப் பிடுங்கிவிடுவார்கள், அடிப்பார்கள்” என்ற அச்சம் பிள்ளையின் வாயை அடைத்துவிடுகிறது. மிரட்டுபவர் நம்பியிருப்பதும் அந்த மௌனத்தைத்தான். காணாமற்போன ஆட்டைக் கண்டுபிடித்த மேய்ப்பர் அதை அடித்து ஓட்டி வரவில்லை. மகிழ்ச்சியோடு தோள்மேல் சுமந்து வந்தார். நாமும் இன்றிரவே நம் பிள்ளைகளிடம் சொல்லி வைப்போம்: “என்ன நடந்தாலும் எங்ககிட்ட வந்து சொல்லு. திட்டமாட்டோம். உன்னோடு நிற்போம்.”

சொன்னபடியே நிற்கும் மனதை இறைவன் நமக்குத் தருவாராக.